பழைய சி10 பிக்கப்பின் பின்சக்கர டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றுவது எப்படி?

1973 முதல் 1987 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பை அமெரிக்காவில் இன்றும் பலர் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாங்களே பிரித்துப் பூட்டுகிறார்கள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் 1971 மாடலிலேயே வந்துவிட்டது. பின்சக்கரங்களுக்கோ கடைசிவரை டிரம்தான். அந்த டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடத் தேவையானவை எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாகக் கிடைக்கின்றன. வாங்குபவர்களில் பலர் சனிக்கிழமை காலையில் தொடங்கி மாலைக்குள், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிபரைப் பூட்டிவிடுகிறார்கள். பெடலை மிதித்தால் பாதாளம் வரை போகிறது. பிறகு கிட்டைத் திட்டுகிறார்கள்.

கேலிபரைப் பூட்டுவது இந்த வேலையின் சுலபமான பாதி. மீதிப் பாதி ஹேண்ட் பிரேக்கிலும் பிரேக் ஆயிலின் அழுத்தத்திலும் இருக்கிறது. கிட்டோடு வரும் தாளில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும். ஆகவே இங்கே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. காலிப் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. சரியாக வைத்த டிரம் பிரேக்கே அந்தச் சக்கரங்களைச் சுற்றவிடாமல் இறுக்கிப் பூட்டிவிடும். அதனால் டிஸ்க் போட்டால் பாதி தூரத்தில் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடைக்கும் லாபம் வேறு. தண்ணீரில் இறங்கி ஏறினால் டிஸ்க் சீக்கிரம் உலர்ந்து பிடிக்கும். டிரெய்லர் இழுத்துக்கொண்டு நீண்ட இறக்கத்தில் வரும்போது சூட்டில் பிடி தளர்வது குறையும். டிஸ்க்கில் அழுந்தித் தேயும் பேட்டை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஸ்பிரிங்கும் கொக்கியுமாக விரலைக் கிழிக்கும் அந்தப் பழைய சங்கதி இல்லை.

இப்போது பின்பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, கவ்விக்கொள்கிறது என்பதுதான் குறை என்றால், ஆக்சில் ஆயில் சீல் ஒழுகி, டிரம்மின் உட்புறத்தில் அழுந்தும் ஷூவில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். புது சீலும் புது ஷூவும் போட்டாலே பலருக்கு வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று. இந்தக் கட்டுரை சி10-க்கு எழுதியது. இந்தியாவில் சரக்கு ஏற்றும் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துச் செய்யக்கூடாது. பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அங்கே பல வண்டிகளில் ஆக்சிலோடு இணைந்திருக்கும். தகுதிச் சான்றுக்குப் போகும்போதும் கேள்வி வரும்.

எந்த ஆக்சில், எந்த கிட்

பின் ஆக்சிலின் நடுவில் வீங்கியிருக்கும் டிஃபரன்ஷியல் மூடியின் போல்டுகளை எண்ணுங்கள். பத்து இருந்தால் 10-போல்ட் ஆக்சில், பன்னிரண்டு இருந்தால் 12-போல்ட். கிட் வாங்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள். சக்கரத்தில் ஐந்து நட்டா ஆறா என்பது அடுத்த கேள்வி. இரு சக்கர இயக்கமுள்ள சி10-க்கு ஐந்து நட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 5 அங்குலம். நாலு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு ஆறு. கூடவே சக்கர ரிம்மின் அளவையும் பாருங்கள். 15 அங்குல ரிம் பெரும்பாலும் ஒத்துவரும், ஆனாலும் உள்விளிம்பு கேலிபரில் உரசுமா என்பதைப் பூட்டிச் சுற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேலிபர் இரண்டு வகை. ஹேண்ட் பிரேக் இல்லாதது விலை குறைவு. 1979–1985 காடிலாக் எல்டொராடோவின் பின்சக்கரத்தில் இருந்த மாதிரியில் செய்தது, முதுகில் ஒரு லீவர் வைத்து, ஹேண்ட் பிரேக் கேபிளை நேரே ஏற்றுக்கொள்ளும். புதியவர்கள் இரண்டாவதையே வாங்க வேண்டும் என்பேன். சி10-இல் ஹேண்ட் பிரேக் என்பது காலால் மிதிக்கும் சின்னப் பெடல்தான், ஆனால் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குபவருக்கு வேறு நாதியில்லை. பென்சில்வேனியா போல ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை நடக்கும் மாநிலங்களில் அதையும் சோதிப்பார்கள். டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு அந்தச் சோதனை இல்லை. கேட்க ஆளில்லை என்பதற்காக ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

கிட்டில் பிராக்கெட், ரோட்டார் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்), கேலிபர், பேட், ரப்பர் ஹோஸ் இருக்கும். தனியாக வாங்க வேண்டியவை: இரண்டு ஆக்சில் ஆயில் சீல், டிஃபரன்ஷியல் மூடிக்கு கேஸ்கட், 80டபிள்யூ-90 கியர் ஆயில் மூன்று லிட்டர், பிரேக் கிளீனர் நாலைந்து டப்பா, டாட் 3 பிரேக் ஆயில், பின்பக்கக் குழாயில் பொருத்தி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக் கையால் திருகும் அளவு வால்வு ஒன்று, 3/16 அங்குல பிரேக் குழாய், அதன் முனையை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவி. குழாய் முனையை ஒற்றை மடிப்பாக விரித்து வைப்பது பிரேக்குக்கு ஆகாது. அழுத்தத்தில் பிளந்துவிடும். டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் ஆயிலை டாட் 3-உடன் ஒருபோதும் கலக்காதீர்கள்.

பிரிப்பது

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கி, எடையை ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போங்கள். பழைய பிரேக் ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்று அடித்துத் தூசியை ஊதாதீர்கள். தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

டிரம் வராது. வராமலிருப்பதுதான் வழக்கம். உள்ளே ஷூ தேய்ந்து டிரம்மில் பள்ளம் விழுந்திருக்கும், ஷூ அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பின் தகட்டில் உள்ள துளை வழியாக ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திர வடிவச் சக்கரத்தைத் திருப்பி ஷூவைத் தளர்த்துங்கள். பிறகு சக்கர ஸ்டட்களுக்கு இடையே சுத்தியலால் தட்டினால் துரு விட்டுவிடும். விளிம்பில் அடிக்காதீர்கள்.

ஷூவை வெளியே தள்ளும் வீல் சிலிண்டருக்கு வரும் குழாயின் நட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். சாதாரண ஸ்பானர் அதன் முனைகளை உருட்டிவிடும், குழாய் நட்டுக்கென்றே ஐந்து பக்கம் கவ்வும் ஸ்பானர் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் பின் தகட்டில் முள் முள்ளாக விரிந்த எஃகு விரல்களால் மாட்டியிருக்கும். இடுக்கியால் ஒவ்வொரு விரலாக அமுக்கினால் ஒன்று உள்ளே போவதற்குள் இன்னொன்று வெளியே வந்துவிடும். ஒரு ஹோஸ் கிளாம்பை அந்த விரல்களைச் சுற்றிப் போட்டு இறுக்குங்கள், அத்தனையும் ஒருசேர மடங்கும், கேபிள் கழன்று வரும்.

அடுத்து டிஃபரன்ஷியல். அடியில் தட்டு வைத்து, மூடியின் போல்டுகளைத் தளர்த்தி, கீழ்ப்பக்கத்தை நெம்பினால் பழைய எண்ணெய் கொட்டும். உள்ளே பற்சக்கரங்களுக்கு நடுவே ஒரு தடித்த ஊசி குறுக்கே போகும். அதைப் பிடித்திருப்பது ஒரு சின்னப் பூட்டு போல்ட். இந்த வேலையிலேயே அதிகம் உடைவது அதுதான். அளவு சரியான சாக்கெட்டை நன்றாக உள்ளே இறக்கி, நிதானமாகத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் சூடு காட்டலாம், வெறி காட்டக்கூடாது. திரும்பப் போடும்போது புதிய போல்டே போடுங்கள், மரை தளராமல் பிடிக்கும் பசை தடவி.

ஊசியை வெளியே இழுத்த பிறகு சக்கரம் மாட்டும் விளிம்பைப் பிடித்து ஆக்சில் தண்டை உள்நோக்கித் தள்ளினால், உள்முனையில் இருக்கும் சி வடிவக் கிளிப் விழும். அவ்வளவுதான், தண்டு வெளியே வந்துவிடும். ஊசி வெளியே இருக்கும் நேரத்தில் தண்டுகளைச் சுற்றாதீர்கள். சுற்றினால் நடுவில் உள்ள சின்னப் பற்சக்கரங்கள் நழுவி இறங்கிவிடும், மறுபடி கோப்பது பெரும்பாடு. பூட்டும் வகை டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஊசிக்கும் தண்டுகளுக்கும் நடுவே கூடுதலாக ஒரு கட்டை இருக்கும். அது எப்படி நிற்கிறது என்பதைப் படம் எடுத்துவிட்டு, பட்டறைக் கையேட்டில் உள்ளபடியே செய்யுங்கள்.

தண்டைக் கையில் எடுத்ததும் பேரிங் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். இந்த ஆக்சிலில் பேரிங்குக்கு உள்வளையம் கிடையாது, உருளைகள் நேரே தண்டின் மேல்தான் ஓடுகின்றன. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் இடத்தில் நகம் தட்டுகிறது என்றால் தண்டு தேய்ந்திருக்கிறது. அதில் புது பேரிங் போட்டும் பயனில்லை, சீல் மறுபடி ஒழுகும், அந்த எண்ணெய் நேரே புது ரோட்டாரில் விழும்.

பூட்டுவது

நாலு போல்டில் நிற்கும் பழைய பின் தகட்டைக் கழற்றி எடுத்த இடத்தில் துரு, பெயின்ட், அழுக்கு எல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமான இரும்பு தெரிய வேண்டும். பிராக்கெட் அங்கே ஒரு நூல் சாய்ந்து உட்கார்ந்தாலும் பேட் ஆப்பு வடிவில் தேயும். பழைய சீலை நெம்பி எடுத்து, புதியதை விளிம்பு முழுதும் சமமாகத் தட்டி இறக்குங்கள். உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவிவிடுங்கள். தண்டை உள்ளே விடும்போது அதன் எடை சீலின் மேல் தொங்காமல் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கிளிப், ஊசி, பூட்டு போல்ட், மூடி என்று வந்த வழியே திரும்புங்கள். கியர் ஆயிலை நிரப்புத் துளையின் உதடு வரை ஊற்றினால் போதும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் என்றால் அதற்கென்று ஆயிலோடு கலக்கும் கூட்டுப்பொருளையும் சேர்க்க வேண்டும்.

புது ரோட்டாரில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் வெள்ளைத் துணி கறுக்காமல் வரும் வரை துடையுங்கள். ரோட்டாரை மாட்டி, இரண்டு மூன்று சக்கர நட்டுகளைத் தலைகீழாகப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். டயல் கேஜ் இருந்தால் ரோட்டார் சுற்றும்போது தள்ளாட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் ரோட்டாரை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டிப் பாருங்கள், பல நேரம் குறைந்துவிடும். ரோட்டார் கேலிபரின் நடுவில் ஓடுகிறதா என்பதை இரு பக்க இடைவெளியையும் அளந்து, கிட்டில் வரும் மெல்லிய வாஷர்களால் சரிசெய்யுங்கள்.

கேலிபரில் இடது, வலது உண்டு. காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். நிப்பிள் கீழே பார்த்தால் பக்கம் மாறிப் பூட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். காற்று மேலே தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகத்தான் இருக்கும். ஹோஸ் சேரும் இடத்தில் போல்டின் தலைக்கு அடியில் ஒன்று, ஹோஸுக்கு அடியில் ஒன்று என இரண்டு செப்பு வாஷர். கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் புதியவை போடுங்கள். ஹோஸ் முறுக்காமல், லீஃப் ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்சார்பரிலும் உரசாமல், ஆக்சில் முழுதாகத் தொங்கும்போதும் இழுபடாமல் போக வேண்டும்.

பெடல் கீழே போவது ஏன்

எல்டொராடோ மாதிரிக் கேலிபரின் உள்ளே, பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கிறது. ஹேண்ட் பிரேக் லீவர் அந்தத் திருகைத் திருப்புகிறது, பேட் தேயத் தேயப் பிஸ்டனை முன்னே கொண்டுவந்து நிறுத்துவதும் அதே திருகுதான். கால் பிரேக் அந்த வேலையைச் செய்யாது. புதுக் கேலிபரில் பிஸ்டன் முழுதாக உள்ளே போயிருக்கும். அப்படியே பூட்டி ஆயில் நிரப்பினால் ஒவ்வொரு மிதிக்கும் பிஸ்டன் நீண்ட தூரம் வந்து போக வேண்டியிருக்கும். அதன் குறுக்களவு சுமார் 2 அங்குலம், பழைய வீல் சிலிண்டரின் பிஸ்டனோ சுமார் 1 அங்குலம். பரப்பில் நாலு மடங்கு என்றால், ஒரே தூரம் நகர்த்த நாலு மடங்கு ஆயில் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரால் ஒரே மிதியில் அவ்வளவு தள்ள முடியாது.

ஆகவே ஆயில் ஊற்றும் முன்பே இதைச் செய்யுங்கள். கேபிளை மாட்டாமல், லீவரைக் கழற்றி, அதன் அடியில் தெரியும் திருகு முனையை ஸ்பானரால் பிரேக் பிடிக்கும் திசையில் திருப்புங்கள். இரு கேலிபர்களுக்கும் திசை எதிரெதிர். பேட் ரோட்டாரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், இடைவெளி 0.8 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பிறகு லீவரை அதன் நிறுத்தத்தில் (மேலும் திரும்பாமல் தடுக்கும் இடத்தில்) ஒட்டி நிற்கும்படி மாட்டிப் பூட்டுங்கள். கேபிள் தளர்ந்திருக்கும்போது லீவர் முழுதாகத் திரும்பி அந்த நிறுத்தத்தைத் தொட்டாக வேண்டும். கேபிளை இழுத்துக் கட்டி லீவரை அரைவழியில் நிறுத்தினால் திருகு தன் வேலையை நிறுத்திவிடும்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் நிறுத்தும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக் போடுங்கள். சில மாதம் அதைத் தொடாமல் ஓட்டிவிட்டு, பெடல் தாழ்ந்துவிட்டது, மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புதியது வாங்குபவர்கள் நிறைய. கோளாறு அங்கே இல்லை.

ஆயில் அழுத்தம்

டிரம் பிரேக்குக்காகச் செய்த சில மாஸ்டர் சிலிண்டர்களில், பின்குழாய் வெளியேறும் துளைக்குள் எஞ்சிய அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சின்ன ரப்பர் வால்வு இருக்கும். அது சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைக் குழாயில் நிறுத்தும். டிரம்மில் ஸ்பிரிங் ஷூவை இழுத்துக்கொள்வதால் அது தொந்தரவு இல்லை. டிஸ்க்கில் அப்படி இழுக்கும் ஸ்பிரிங் இல்லை, பேட் எப்போதும் ரோட்டாரில் உரசிக்கொண்டே இருக்கும். ரோட்டார் சூடாகும், மைலேஜ் குறையும். உங்கள் சிலிண்டரில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது நாலு சக்கர டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டர் வாங்கிவிடுங்கள். புதியவர்களுக்கு இரண்டாவதே நல்லது. டிரம் பக்கத்துக்கு வைத்த ஆயில் கிண்ணம் சின்னது, பேட் தேயும்போது கேலிபர் கூடுதல் ஆயிலை உள்வாங்கிக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம்.

சேசிஸ் ஓரத்தில் பித்தளைக் கட்டி ஒன்று இருக்கும். முன்பக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவது, பின்பக்க அழுத்தத்தைக் குறைப்பது, ஒரு பக்கம் ஒழுகினால் விளக்கு எரியவைப்பது ஆகிய மூன்றும் அதற்குள். அதில் உள்ள அளவு வால்வு டிரம்முக்கு ஏற்றது. அதை அப்படியே விட்டு, அதற்குப் பின்னால் புது அளவு வால்வையும் வைத்தால் ஒரே குழாயில் இரண்டு வால்வுகள் ஒன்றையொன்று குழப்பும். பின்பக்கத்துக்கு அழுத்தக் குறைப்பு இல்லாத கட்டியாக மாற்றிவிட்டு, பின்குழாயில் மட்டும் கையால் திருகும் வால்வைப் பொருத்துங்கள். முன்குழாயில் அதை வைக்கவே கூடாது.

குழாய்களில் தங்கிய காற்றை எடுப்பதற்கு வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்று தொலைவிலிருந்து அருகே வாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் கிண்ணம் இடையில் வற்றிவிடக்கூடாது. முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவைத்து, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. காகிதத் துணியால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள், ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சாலையில் இறக்கும் முன்

ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு பேட்டைப் பழக்க வேண்டும்: மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை மிதமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, கடைசியில் பிரேக் போடாமல் சிறிது தூரம் ஓட்டுங்கள். பேட் தயாரித்தவர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அளவு வால்வைத் திருத்துவது கடைசி வேலை. வண்டியின் பின்பெட்டி காலியாக இருக்க வேண்டும். பின்பக்கம் மிகக் குறைந்த அழுத்தம் போகும்படி வைத்துத் தொடங்குங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் அழுத்திப் பிரேக் போடுங்கள். நண்பர் ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று கூட்டுங்கள். பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டும் இடம் வந்ததும் ஒரு சுற்று திரும்பக் குறைத்து, முன்சக்கரம்தான் முதலில் பூட்டுகிறதா என்று மறுபடி பாருங்கள். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராக வழுக்கும், பின்சக்கரம் பூட்டினால் வால் முன்னே வந்துவிடும். பாரம் ஏற்றிய நிலையில் திருத்திவிட்டுப் பிறகு காலியாக மழையில் ஓட்டுவதுதான் ஆபத்து. மழை நாளில் ஈரத் தரையிலும் ஒருமுறை சோதித்து, தேவையானால் இன்னும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

சுமார் 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் பிராக்கெட் போல்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். ஆக்சிலின் இரு முனையிலும் கியர் ஆயில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்க ஆயில் கிண்ணத்தை முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள்.